அறுபத்து மூன்றாம் எண்ணிலிருந்து ஒரு குரல்

போனை எடுத்ததே அறுபத்து மூன்றாம் எண் நோயாளிதான்.

புற்றுநோய் ஆய்வாளரின் கையிலிருந்து பேனா நழுவியது. அந்த அம்மாள் இறந்த தேதியைக் கேட்கத்தான் அவள் கூப்பிட்டிருந்தாள். மகனோ மகளோ எடுப்பார்கள் என்று துக்கக் குரலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

“நான்தாம்மா பேசுறேன், சீக்கிரம் சொல்லு. வீடு மாத்திக்கிட்டு இருக்கேன், பீரோ மாடிப்படியில மாட்டிக்கிச்சு. பத்து வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டிருக்கேன், முதல் நாளே சுவரைப் பேத்துடுவானுங்க போல... ஏம்பா, சாய்ச்சுப் பிடி, சாய்ச்சு!”

ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய மார்பிலிருந்து எடுத்த கட்டியின் துணுக்கு இந்த ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதில் பதினாறு மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்தன என்று போன மாதம் அளந்தார்கள். அளந்ததைக் கூட்டிக் கழித்தால் ஒரு மதிப்பெண் வரும். மதிப்பெண் ஏற ஏற, புற்றுநோய் திரும்பும் ஆபத்தும் ஏறும்.

நூற்றிருபது பேரில் உச்ச மதிப்பெண் இந்த அம்மாளுக்குத்தான். கணக்குப்படி இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது.

நோய் திரும்ப வந்ததா என்று மெல்லக் கேட்டாள்.

“அதுக்கெல்லாம் எனக்கு எங்கம்மா நேரம்?”

இறந்த தேதிக்கான கட்டத்தில் ‘உயிருடன்’ என்று தட்டினாள். திரையில், ஆபத்து மிகுந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு மிஞ்சியிருக்கிறார்கள் என்று காட்டும் சிவப்புக் கோடு அதுவரை படிப்படியாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. இப்போது தொடாமல், ஓரம் வரை நீண்டு ஓடியது.

தலைமை மருத்துவர் எட்டிப் பார்த்து முகம் வாடினார். எவ்வளவு அழகான கோடு, கெட்டுவிட்டதே! அதோடு, ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்றும் நினைவூட்டினார்.

அவளுக்குத் தெரியாதா? வருடா வருடம் மாணவர்களுக்கு அவளே மண்டையில் அடித்துச் சொல்லும் பாடம் அது.

இருந்தும் சுழல் நாற்காலியில் மூன்று சுற்றுச் சுற்றினாள். மருத்துவரின் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். இவளுக்கு மறை கழன்றுவிட்டதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டாள்.

மருந்தேற்றும் கூடத்தில், ஜன்னலோர நாற்காலியில் அவளுடைய அக்கா. கையில் ஊசி, மடியில் பாதி போட்ட குறுக்கெழுத்து.

“என்னடி, முப்பத்திரண்டு பல்லும் தெரியுது?”

நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. வேறு ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் பீறிட்டது. அது அக்காவைத் தொற்றிக்கொண்டது. எதற்கென்றே தெரியாமல் செவிலியும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூன்று பேரும் சிரித்தார்கள்.

அக்காவின் கட்டியை அளந்து ஐந்து நாள் ஆகிறது. அவளும் சிவப்புக் கோட்டில்தான்.

அந்த ஐந்து நாளில் அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தது இப்போதுதான்.