எதிர்க்கடை

கறிக்கடைக்காரரின் மனைவி சைவத்துக்கு மாறி இன்று ஒன்பதாம் நாள். "கறியாத் தின்னே ஊதிப்போயிட்டா" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கணவர் சிரித்த அன்றே, ஒரு மாதத்துக்குக் கறியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். இப்போது அவர் கண்ணெதிரே, சாலைக்கு எதிர்ப்பக்கத்துக் காய்கறிக் கடையில் நின்று பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்கிறாள். காலை வெயில் அவருடைய கத்தியில் பட்டு அவள் முகத்தில் அடிக்கிறது. அவள் கண்ணைச் சுருக்கவில்லை. "ஏம்மா, கறிக்கடை வச்சுக்கிட்டு நீங்களே காய் வாங்குறீங்க?" கறிக்கடை வரிசையில் நிற்கும் டீச்சர் குரல் கொடுக்கிறார். "அந்தக் கறி எப்படின்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?" தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள். கத்திச் சத்தம் நிற்கிறது. "அடிப்பாவி!" என்கிறார் கணவர். டீச்சர் வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு சாலையைக் கடக்கிறார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அவள் நகர்ந்து இடம் விடுகிறாள். "வாங்க டீச்சர், வெண்டைக்காய் இளசா இருக்கு."