வியாழக்கிழமை எண்ணெய்

எண்ணெய் காயும் வாசம் போதகர் வீட்டிலிருந்துதான் வந்தது.

பாக்திகுல் தெருவிலேயே நின்றுவிட்டாள். மூக்கு பொய் சொல்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கிர்கிஸ் ஊரில் எல்லா வீட்டிலும் எண்ணெய் காயும். மாவைத் தேய்த்து வெட்டிப் போட்டுப் பொரித்தெடுப்பார்கள். செத்துப்போனவர்கள் அன்றைக்குத்தான் அவரவர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அந்த வாசம்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

வாசம் வராத வீடுகள் ஊரிலேயே இரண்டுதான். ஒன்று, கொரியாவிலிருந்து வந்து ஊழியம் செய்யும் போதகர் ஹானுடையது. இன்னொன்று பாக்திகுலுடையது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மலையில் பனி உருகி வாய்க்கால் கரைபுரண்ட நாளில், அவளுடைய ஏழு வயது மகள் பெர்மெத்தைத் தண்ணீர் கொண்டுபோனது. ஊர் வந்து அழுதது, கலைந்து போனது. போகாமல் கூடவே இருந்தவள் போதகரின் மனைவி மீஜா ஒருத்திதான். துக்கம் காத்த நாற்பது நாளும் அவளே கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். அந்தக் கைக்காகத்தான் பாக்திகுல் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள்.

"அவ ஆண்டவரோட மடியில இருக்கா. அவளுக்குப் பசியே கிடையாது" என்று மீஜா சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை வந்தால் இவள் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, எண்ணெய்ச் சட்டியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாக்திகுல் உயிரோடு இருந்தாள். ஆனால் நாத்தனார் கலிபா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குத்திக்காட்டாத வியாழன் கிடையாது.

"ஏண்டி, நாளெல்லாம் பாட்டுப் பாடறியே, பெத்தவ வீட்ல எண்ணெய் காயலன்னா அந்தப் பொண்ணு எங்கடி போய் நிப்பா?"

பாக்திகுல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொள்வாள். மடியில் இருக்கிறாள். பசி கிடையாது. மடியில் இருக்கிறாள்.

இப்போது அதே போதகர் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. வாசற்படியில் கால் வழுக்கியது. மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. படி மட்டும் சொதசொதவென்று நனைந்து கிடந்தது. கழுவிவிட்டிருப்பாள் என்று நினைத்தபடியே உள்ளே போனாள்.

போதகர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போயிருந்தார். அடுப்பங்கரையில் மீஜா தனியாக நின்றிருந்தாள். அடுப்பில் இருந்தது பாக்திகுலுடைய சட்டி. ஒரு காது ஒடிந்து, கம்பி வைத்துக் கட்டிய அதே சின்ன இரும்புச் சட்டி.

மாவை வட்டவட்டமாக வெட்டியிருந்தாள். ஊரில் சதுரமாகத்தான் வெட்டுவார்கள். தீ கூடிப்போய்ப் பாதி கருகியிருந்தது. யாரிடமும் கேட்காமல், பார்த்ததை வைத்துச் செய்த வேலை.

பாக்திகுலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருஷம். எத்தனை வியாழன்! இவள் பேச்சைக் கேட்டுப் பெற்ற மகளைப் பட்டினி போட்டிருக்கிறாள்.

"உங்க வீட்டுச் செத்தவங்களுக்கு மட்டும் பசிக்குமோ, அக்கா?"

மீஜா திரும்பினாள். பல நாள் தூங்காத முகம்.

"எங்க வீட்டு ஆளுங்களுக்கு இல்ல."

அவளுடைய கிர்கிஸ் பேச்சு எப்போதும் திருத்தமாக இருக்கும். இன்றைக்குத் தடுமாறியது. வாசல் பக்கம் பார்க்கப் பயந்தவளாய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெர்மெத்துக்கு. அஞ்சு வாரமா வர்றா. அந்தப் படியில நிக்கிறா, தலையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட. அவர்கிட்டகூட நான் சொல்லல. ஜெபம் பண்ணினேன், பாட்டுப் பாடினேன், போகல. அம்மாகிட்ட போ கண்ணுன்னு சொன்னா..."

மீஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாசமே வரல, எங்க வீடு எதுன்னு தெரியலங்கறா."

பாக்திகுல் அழவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அதைச் சட்டியின் காதிலும் கம்பியிலும் சுற்றினாள். காய்ந்த எண்ணெயோடு அப்படியே தூக்கிக்கொண்டாள்.

வாசற்படியில் ஈரம் இன்னும் காயவில்லை. அதை மிதிக்காமல் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

கலிபா வேலியோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். துணியையும் மீறிக் கை சுட்டது. புகை பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வீடு நாலு வீடு தள்ளித்தான். ஓடினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பாக்திகுல் ஓடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை பின்னாலேயே நடந்து வரும் வேகத்தில், மெதுவாக நடந்தாள்.