தேக்கில் விழுந்த மூன்று கோடுகள்

“அண்ணே, மறுபடியும் அதே மூணு கோடு!”

இழைப்பு மெஷினிலிருந்து வெளியே வந்த தேக்குப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள் வேல்விழி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மரப்பட்டறை வைத்திருப்பவள். பலகையின் நீளத்துக்கும் மெல்லிசாக மூன்று கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

போன மாதம்தான் மெஷினுக்குப் புது கட்டர் மாட்டினாள். பழைய கட்டரில் நீளநீளமாக மூன்று பிளேடுதான். புதுசில் நகத்தளவு சதுர பிளேடுகள், உருளையைச் சுற்றி வரிசை வரிசையாக. “மரம் கண்ணாடியா வரும்” என்று சொல்லி விற்றார்கள். கண்ணாடியாகத்தான் வந்தது, போன திங்கட்கிழமை வரை.

மெஷின் ஓட்டும் தர்மராஜ் மூக்கைச் சொறிந்தார். “பழைய பிளேடே இருந்திருக்கலாம்மா. சாணை புடிச்சமா, ஓட்டினமான்னு போயிருக்கும்.”

வேல்விழி முறைத்தாள். சாயங்காலம் மங்கலம்பேட்டை நாசர் பாய் வாசக்கதவுப் பலகை எடுக்க வருகிறார். வெள்ளிக்கிழமை புது வீடு குடி போகிறார். கோடு போட்ட கதவை அவர் தலையில் கட்ட முடியுமா?

பலகையை மெதுவாக விட்டுப் பார்த்தாள். கொஞ்சமாகச் சீவிப் பார்த்தாள். கோடு போவேனா என்றது. எரிச்சல் போய் இப்போது அவளுக்கு ஒரே குறுகுறுப்பு. அதெப்படி எல்லாப் பலகையிலும் அதே இடத்தில்?

கட்டர் விற்ற கோயம்புத்தூர்க்காரருக்கு போன் போட்டாள்.

“நகத்தால தடவிப் பாருங்க. கோடு பள்ளமா, மேடா?”

“மேடா இருக்குதுங்க.”

“அப்ப பிளேடு முனை உடைஞ்சிருக்கு. அந்த இடத்துல மட்டும் மரத்தைச் சீவாம விடுது. திருப்பி மாட்டுங்க, நாலு பக்கமும் கூர்தான். ஆனா சும்மா உடையாதுங்க. எதையோ கடிச்சிருக்கு.”

எதை?

மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கீழே கிடந்த பலகை மேல் ஏறி நின்று குனிந்தாள். போன வாரம் யாரோ கொண்டுவந்து போட்ட பலகை. நிற்க வசதியாக இருந்ததால் அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

முன்பெல்லாம் இப்படிப் பத்து நிமிஷம் நின்றால் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் ஒரு விரக்கடை குட்டை. புது மாத்திரை புண்ணியத்தில் ஒரு வாரமாக வலியைக் காணோம். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள். அவள் காலைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அன்றோடு பேச்சு கட். பஸ்ஸே கிளம்பினாலும் ஓட மாட்டாள். விந்துவது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே!

மூன்று பிளேடில் முனை உடைந்திருந்தது. மரத்தூள் மூட்டையைக் கொட்டிக் கிளறினாள். தேக்குத் தூளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு அடுக்கு. விரலில் தேய்த்தாள். நறநறவென்றது.

விருத்தாசலத்துக்காரிக்கு அந்த வெள்ளையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பீங்கான் களிமண்!

ஈரக் களிமண் கப்புகளைக் காயவைக்கும் பலகைகள் பழசானால் ஊரிலுள்ள செராமிக் கம்பெனிக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். மண் ஊறிய மரம். அதனால்தான் புது கட்டர் மாட்டிய அன்றே சுவரில் எழுதி வைத்தாள்: ‘செராமிக் பலகை மெஷினில் ஏறக் கூடாது.’

“யாருண்ணே ஏத்துனது?”

“நான்தாம்மா. நல்லா சொரண்டிட்டுத்தான் வுட்டேன்.”

“யாருக்கு வேலை செஞ்சு குடுத்தீங்க?”

தர்மராஜ் தரையைப் பார்த்தார். கிடந்த தூளைக் காலால் ஒதுக்கினார்.

“சொல்லுங்கண்ணே, யாருக்கு?”

“வுடும்மா.”

“புது கட்டர் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாம வெளி வேலை வேறயா? நாளைலேருந்து வராதீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காலைப் பார்த்தார். மென்று விழுங்கிக்கொண்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வரேம்மா” என்று ரோட்டு முனை ஸ்டாப்புக்குக் கிளம்பிவிட்டார். நல்லூர் பஸ் ஆறு மணிக்குத்தான். பதினோரு வருஷத்து ஆள். ஆனாலும் துரோகம் துரோகம்தானே?

பிளேடுகளைத் துடைத்துத் திருப்பி மாட்டி, பலகையை விட்டாள். கண்ணாடி!

நாசர் பாய் வந்து தடவிப் பார்த்து, “மாஷா அல்லாஹ்!” என்றார். பிறகு கீழே பார்த்தார். “அட, காலுக்குப் போட்டிருக்கிற பலகையையும் வழவழன்னு இழைச்சு வெச்சிருக்கீங்களே! இது என்ன மரம்மா?”

குனிந்து அதைப் புரட்டிப் போட்டார்.

அடிப்பக்கம் இழைக்காத பக்கம். அதில் வரிசையாக வெள்ளை வட்டங்கள், ஈரக் கப்பு உட்கார்ந்த தடங்கள். இரண்டு ஓரத்திலும் சட்டம் அடித்திருந்தது. அவள் வலது கால் வைக்கும் பக்கத்தைவிட இடது பக்கத்துச் சட்டம் உயரம். வேல்விழி விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு விரக்கடை.

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. மாத்திரையாம், மாத்திரை!

“அண்ணே! பஸ்ஸு ஏறிடாதீங்க!”

சாயங்காலக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்க, விந்தி விந்தி நடுரோட்டில் ஓடினாள் வேல்விழி.