தொட்டில்ல புள்ள இல்ல

"புள்ளைய தூக்கிட்டாங்க. தொட்டில்ல வெறும் வைக்கோல்தான் கெடக்கு."

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் காருக்கு நடக்கறப்போ தபித்தா இதைச் சொன்னா. பன்னெண்டு வயசு. முகத்துல கவலை இல்ல, சந்தோஷம்தான் வழிஞ்சுது. பின்ன, அரிசோனா பாலைவனத்துல கைப்பிடி அளவு ஊரு. அங்க ஒரு கேஸ் கிடைக்கறதே பெருசு.

அவளும் தம்பி கோல்பியும் நடத்தறதுதான் 'கள்ளிச்செடி துப்பறியும் சங்கம்'. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு தொப்பி, கேஸுக்கு ஒரு பைபிள் வசனம். இதுவரைக்கும் கண்டுபிடிச்சது ஒரு பூனை. அதுவும் தானா வீட்டுக்கு வந்த பூனை.

இப்போ காணாம போனது குழந்தை இயேசு. சர்ச் வாசல்ல வச்ச கிறிஸ்மஸ் குடில்ல மரியாள் இருக்கா, யோசேப்பு இருக்கார், கழுதைகூட இருக்கு. நடுவுல தொட்டில் மட்டும் காலி.

சர்ச்சோட சொந்தக் குடில் பிளாஸ்டிக். தொட்டிலும் குழந்தையும் ஒரே அச்சுல வார்த்தது, பிரிக்கவே முடியாது. அது ஜூலை வெயில்ல ஷெட்டுக்குள்ளயே உருகி, யோசேப்பு மூக்கு மரியாள் தோள்ல ஒட்டிக்கிச்சு.

அதனால எதிர்ல டயர் கடை வச்சிருக்கற ஒச்சோவா அம்மா, தன் வீட்டு மரப் பொம்மைகளை இரவல் கொடுத்தாங்க. அவங்க கத்தோலிக்கம், இந்த சர்ச் பாப்டிஸ்ட். சர்ச்காரங்க வேண்டா வெறுப்பாதான் வாங்கிக்கிட்டாங்க. வியாழக்கிழமை தானே வந்து குடிலை அடுக்கி வச்சுட்டு, ஒச்சோவா அம்மா டூசான்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க.

போன் பண்ணி அவங்களையே கேட்டா என்னன்னு கோல்பி கேட்டான். துப்பறியறவங்க யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க, கண்டுபிடிப்பாங்கன்னு தபித்தா அவன் மண்டையில ஒண்ணு வச்சா.

யார் எடுத்தாங்கன்னும் அவ யோசிக்கல. ராய்ஸ் இருக்கறப்போ எதுக்கு யோசிக்கணும்? அந்த சர்ச்ல எல்லாரும் எல்லாருக்கும் பிரதர். ராய்ஸ் மட்டும் வெறும் ராய்ஸ். செம்புக் கம்பி திருடி உள்ள போய்ட்டு வந்தவன். சர்ச்ல வாசல் பெருக்கற வேலையில ஒழுங்கா இருக்கணும், வேலை போச்சுன்னா மறுபடி ஜெயில்தான்னு சொல்லித்தான் ஜட்ஜ் விட்டிருந்தார்.

தபித்தா கூட்டத்தை பார்க்கிங் ஓரத்துக்கு இழுத்துட்டுப் போனா. குழந்தையைப் பாக்க தூர தேசத்துலேர்ந்து வந்து குடில்ல நிக்க வேண்டிய மூணு ராஜாவும் ஒட்டகத்தோட அங்க அனாதையா நின்னாங்க. சுத்தி மணல்ல பூட்ஸ் தடம்.

"பாத்தீங்களா? வெள்ளிக்கிழமை இவங்க தபால்பெட்டிகிட்ட நின்னாங்க. நேத்து கொடிமரத்துகிட்ட. இன்னிக்கு இங்க. ஒவ்வொண்ணா கடத்தறான்."

"அக்கா, அப்படின்னா அவங்க தூரமால்ல போகணும்? குடிலுக்குக் கிட்டல்ல வர்றாங்க," கோல்பி இழுத்தான்.

"வாய மூடு. நீ தொப்பியைப் பிடி."

தொடப்பத்தோட நின்ன ராய்ஸை நாலு பேர் தள்ளிக் கொண்டுவந்தாங்க. தபித்தா பூதக்கண்ணாடியால அவன் பூட்ஸைப் பாத்தா. வெறுங்கண்ணுக்கே தெரியற பூட்ஸ். ராஜாக்களை நகத்தினது நீங்கதானேன்னு கேட்டா. ஆமான்னான்.

தினமும் கொஞ்சம் நகத்தச் சொல்லி ஒச்சோவா அம்மா சொன்னாங்க, எதுக்குன்னு நான் கேக்கல, குழந்தை பொம்மை பெட்டியில வரவே இல்லன்னு அவன் தரையைப் பாத்துட்டே சொன்னான். கூட்டம் சிரிச்சுது.

"பொம்மையை தினமும் நடக்கக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்களாம்," தபித்தா உதட்டைப் பிதுக்கினா. "பொய் சொல்றதுக்காவது கொஞ்சம் மூளை வேணும், ராய்ஸ்."

சர்ச் மூப்பர் ஹாலிஸ், அவளோட அப்பா, பெருமையில நெஞ்சு விம்மி நின்னார். இந்த மாதிரி ஆளுக்கு இரக்கம் காட்டினா இதுதான் கதின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு, ஷெரீஃபுக்குப் போட போனை எடுத்தார். ராய்ஸ் தொடப்பத்தை சுவத்துல சாய்ச்சு வச்சான். அது சரிஞ்சு விழுந்துச்சு. எடுக்கக் குனியல.

அப்போதான் ஒச்சோவா அம்மாவோட பழைய பிக்கப் வண்டி வந்து நின்னுச்சு. இறங்கினவங்க கூட்டத்தைத் தேஞ்ச டயரைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. நேரா ராஜாக்கள்கிட்ட போய், "என்ன ராய்ஸ், இன்னிக்கு இவ்ளோதான் நகத்தினியா?"ன்னாங்க.



ஹாலிஸ் போனோட முன்னாடி வந்து, ரொம்ப வருத்தமான விஷயம், உங்க குழந்தை இயேசுவை யாரோ திருடிட்டாங்க, ஆனா என் பொண்ணு திருடனைக் கையும் களவுமா பிடிச்சுட்டான்னு சொன்னார். தபித்தா தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டா.

ஒச்சோவா அம்மா அவளை மேலயும் கீழயும் பாத்தாங்க. சர்ச் போர்டுல 'கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரம்'னு எழுதியிருந்ததை பாத்தாங்க. கடைசியா காலித் தொட்டிலை.

"புள்ளையா? அது என் பீரோல பத்திரமா இருக்கு, பாப்பா. இன்னும் பொறக்கவே இல்லையே."