எஃப்-8 பட்டன்

“என் மெஷின்ல யாரோ கை வெச்சிருக்காங்க சார். யாருன்னும் எனக்குத் தெரியும்!”

சொல்லிவிட்டு யூனிஸ் பக்கத்து ஸீட்டை முறைத்தாள். அங்கே ஓஸ்வால்ட் காதே கேட்காதவர் போல டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

காக்ஸ் டவுனில் அச்சகங்களுக்கு மேட்டர் அடித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. 1999 அது. புது சிஸ்டம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மௌஸ் கிடையாது. கறுப்புத் திரையில் ஃபைல் பட்டியல் வரும். மற்றதெல்லாம் பட்டன் வேலை. அதைச் சரிபார்க்க வந்திருந்தார் சர்வீஸ் இன்ஜினியர் ஸ்ரீகண்டன்.

“எஃப்-8 தட்டினா ஃபைல் அழியணும் இல்லையா? வேண்டாத ஃபைலை நேத்து அழிச்சேன். காலையில பார்த்தா பழையபடி உக்காந்திருக்கு!”

ஸ்ரீகண்டன் எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று எழுதியிருந்த ஃபைலைத் திறந்து படித்தார்.

போன மாதம் யூனிஸ் அடித்து முடித்த சர்ச் வெள்ளிவிழா மலர், நாற்பது பக்கம், மறுநாளே காணாமல் போனது. “இன்னொரு ஃபைல் போச்சுன்னா நீங்க வேற இடம் பாத்துக்கணும்மா” என்று முதலாளி கோவிந்தப்பா சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து ஓஸ்வால்ட் மேல் ஒரு கண் வைத்தாள். அப்புறம் ஒரு ஃபைலும் போகவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“எஃப்-8ல டெலிட் இல்ல மேடம்” என்றார் ஸ்ரீகண்டன். “ஃபைலை அழிக்காம, மறைவா ஒரு ஃபோல்டருக்குத் தள்ளுற மாதிரி யாரோ மாத்தியிருக்காங்க.”

“பார்த்தீங்களா சார்!” யூனிஸ் போட்ட சத்தத்தில் கோவிந்தப்பா அறையிலிருந்து வந்துவிட்டார்.

“ஏன்ரீ ஓஸ்வால்ட், என்ன இது, உங்க வேலையா?”

“ஆமா சார். சும்மா... வேடிக்கைக்கு.”

“பத்து வருஷம் வேலை பார்த்துட்டு இதுவா வேடிக்கை? நாளையிலேர்ந்து வர வேணாம்.”

கோவிந்தப்பா விருட்டென்று உள்ளே போய்விட்டார். ஸ்ரீகண்டன் அந்த மறைவு ஃபோல்டரைத் திறந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“மேடம், இதெல்லாம் நீங்க அடிச்ச நல்ல ஃபைல்கள். தினமும் அஞ்சரைக்கு அழிஞ்சிருக்கு. ஆறு மணிக்கு யாரோ காப்பி எடுத்துப் பழைய இடத்துல வெச்சிருக்காங்க. அஞ்சரைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சேவ் பண்ணிட்டுக் கிளம்புவேன்.”

“பண்ணிக் காட்டுங்க.”

யூனிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எஃப்-8ஐத் தட்டினாள். கூடவே என்டரையும் தட்டினாள். எட்டு வருஷம் பழைய மெஷினில் எஃப்-8தான் சேவ். இப்போது அது டெலிட் என்று தலைக்குத் தெரியும். கிளம்புகிற அவசரத்தில் விரலுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அடித்த ஃபைல் திரையிலிருந்து மறைந்தது. மலரும் இப்படித்தான் போயிருக்கிறது.

ஓஸ்வால்ட் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?” ஸ்ரீகண்டன் மெதுவாகக் கேட்டார்.

“சொன்னா, மலரை அழிச்சதும் தான்தான்னு அதுக்குத் தெரிஞ்சுடும். நேரா முதலாளிகிட்ட போய் ஒத்துக்கும். யூனிஸ் குணம் எனக்குத் தெரியாதா?”

அதற்குள் யூனிஸ் கோவிந்தப்பா முன்னால் போய் நின்றிருந்தாள்.

“சார், மலரை அழிச்சது நான்தான். தெரியாமப் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் தினமும் என் வேலையைக் காப்பாத்தினது அவரு. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க.”

கோவிந்தப்பா எழுந்து வெளியே வந்தார். ஓஸ்வால்டின் தோளிலிருந்த பையை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

“ஸ்ரீகண்டன், எல்லா மெஷின்லயும் எஃப்-8ஐ இவர் வெச்ச மாதிரியே வெச்சுடுங்க. முதல்ல என் மெஷின்ல. போன வாரம் நானும் ரெண்டு ஃபைலைத் தொலைச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாம உக்காந்திருக்கேன்.”