மூன்றாவது ல

முந்நூற்று ஐம்பது ரூபாய் தர வேண்டியவன் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். இன்னும் மேலே வரவில்லை.

நேற்றுக் கொட்டிப் பரப்பிய கிராவல் மண்ணில் அவன் தடம் கிடக்கிறது. முள் முள்ளாகப் பதிந்த தடித்த சைக்கிள் சக்கரம்.

ரோட்டு வேலையில் ஜல்லி சுமக்கும் அவளுக்கு அந்தச் சக்கரத்தைத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அது அவள் கண்ணெதிரில்தான் வெடித்தது. அஞ்செட்டி போகிற டெம்போக்காரன் காசு கையில் வந்தால்தான் சைக்கிளை ஏற்றுவேன் என்றான். காட்டுக்குள் போனுக்கு டவர் கிடையாது. லட்ச ரூபாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் நின்றான் அந்தப் பெங்களூர்த் தம்பி.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அடுத்த வாரம் இந்த வழியாத்தான் வருவேன். குடுத்துர்றேன் அக்கா."

அன்றிலிருந்து மேஸ்திரி ருத்ரப்பன் அவளை விடவில்லை. "நாம தாரு எப்ப வரும்னு காத்துக் கெடக்கறோம். அவன் தாரு இல்லாத ரோடாத் தேடித் தேடி ஓட்டுறானாம். அவனுக்குப் போயி கடன் குடுத்திருக்குது பாரு, இது."

தம்பி சொன்ன சொல் தப்பாமல் வந்துவிட்டான்.

அவள்தான் அங்கே இல்லை. குடத்தோடு ஓடைக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் வளைவுக்கு அப்பால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது தடம் மட்டும் ஆற்றுப் பக்கம் இறங்கியிருந்தது.

கீழே பாலம் இல்லை.

இரவு பெய்த மழையில் ஆறு தரைப்பாலத்தைப் பாதி தின்றுவிட்டது. காலையில் அதைப் பார்த்துவிட்டு வந்த ருத்ரப்பன்தான் சொன்னார். "யாரும் எறங்காதபடிக்கு எதையாச்சும் எழுதி வையி. நீதான் படிச்சவளாச்சே."

கிண்டலாகத்தான் சொன்னார். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கல் சுமந்த கை, போன வருசம்தான் மாலை வகுப்பில் பென்சில் பிடித்தது. காலியான தார் டிரம்மின் மூடியை நிமிர்த்தி வைத்தாள். சுண்ணாம்பைக் குழைத்து, விரலால் எழுதினாள். எட்ட நின்று பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

கருப்பு மூடியில் வெள்ளை எழுத்து. பளிச்சென்று இருந்தது.

அவள் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வனத்துறை வாட்சர் மாதேஷ் அங்கே பைக்கை நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டு படித்தார்.

"வலி இல்லை." மறுபடியும் படித்தார். "என்னம்மா இது, தைலம் கிய்லம் விக்கறீங்களா?"

அவளுக்குப் புரியவில்லை.

"இது ஒடம்பு வலிக்குப் போடற ல-ம்மா. போற வழிக்கு வேற."

அவள் வாயில் இருந்தது ஒரே ல. அம்மா வாயிலும் அதுதான். ஊரே அதை வைத்துத்தான் பேசி, சண்டை போட்டு, பிள்ளை வளர்த்தது. வகுப்பில் டீச்சர் அதை மூன்றாகப் பிரித்து எழுதிக் காட்டியபோது அவளும் தலையாட்டினாள். காலையில் அந்த மூன்றில் சுலபமானதாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் போட்டாள்.

அவள் மண்ணில் கிடந்த தடத்தைக் காட்டினாள்.

மாதேஷின் சிரிப்பு போய்விட்டது. பைக் கீழே பாய்ந்தது.

அதற்குப் பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும் மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது.

ஜல்லிச் சட்டியைத் தூக்கினாள். இறக்கி வைத்தாள். 

"காசு போச்சேன்னு கலங்கறியா?" என்றார் ருத்ரப்பன்.

"ஆமா," என்றாள்.

மூங்கில் புதருக்குக் கீழே எங்கோ என்ஜின் சத்தம் திணறியது. நின்றது. மறுபடி ஏறியது.

முதலில் மாதேஷின் தொப்பி தெரிந்தது.

அதற்குப் பின்னால் இன்னொரு தலை.

அவள் கற்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு. வலது மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருந்தது. சைக்கிள், உடைந்த பாலத்தின் கம்பியில் மாட்டித் தொங்குகிறதாம். முன்சக்கரம் அப்பளமாகிவிட்டதாம்.

எழுந்து கிட்டே போனாள். "ரொம்ப வலிக்குதா தம்பி?"

அவன் டிரம் மூடியைப் பார்த்தான்.

"அதான் இல்லைன்னு போட்டிருக்கே அக்கா." சிரிக்கப் பார்த்தான். பாதியில் பல்லைக் கடித்தான். "நானே தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வலி இல்லைன்னா நல்லதுதானேன்னு எறங்கிட்டேன். எந்தப் புண்ணியவான் எழுதுனானோ."

மாதேஷ் பைக்கின் கண்ணாடியைத் துடைத்தார். ருத்ரப்பன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

அவன் இடது கையை முதுகுப் பக்கம் விட்டு, சட்டையின் பின்பையைத் துழாவினான். நனைந்த நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"இந்தாங்க அக்கா. முந்நூத்தம்பது."

"வேணாம்."

"அய்யோ, கடன்க்கா."

"சரியாப் போச்சு. வையி உள்ளே."

"எப்படிக்கா சரியாப் போகும்?"

அவள் மூடியின் பக்கம் போனாள். முந்தானை நுனியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்தாள். இரண்டாவது எழுத்தை மட்டும் அழுத்தித் துடைத்தாள். அந்த இடம் கருப்பாகக் கிடந்தது. விரலைச் சுண்ணாம்பில் தோய்த்தாள்.

விரல் நின்றது.

திரும்பாமலே கேட்டாள்.

"தம்பி, அந்த மூணாவது ல எப்படிப் போடுறது?"



அவள் முதுகுக்குப் பின்னால் அவன் சட்டைப்பையின் ஜிப் மூடும் ஓசை கேட்டது. சேறு படிந்த ஒரு இடது கை, அவள் தோளுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புச் சட்டியை நோக்கி நீண்டது.