கறுப்புப் படிவு

மார்ச் 11, செவ்வாய்.

சோதனைக்குழாயை இன்று இரண்டு முறைதான் கழுவினேன். மூன்று முறை கழுவ வேண்டும்.

பம்ப் கம்பெனியில் ஷிப்ட் முடியத் தாமதம். மாலை வகுப்புக்கு ஆறு பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கையில் கிரீஸ். அதே கையோடு குழாயை எடுத்தேன்.

இது காரணமா, சாக்கா, தெரியவில்லை.

செய்முறைத் தேர்வு. இரண்டு பேருக்கு ஒரு புட்டி. எங்களுக்குப் பதினான்காம் எண். உள்ளே இருப்பது ஆல்டிஹைடா, கீட்டோனா என்று சொல்ல வேண்டும். ஆளுக்கொரு தாள்.

என்னோடு சகாயமேரி அக்கா. வயது நாற்பத்தொன்று. சாயப்பட்டறை ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறார். தேறினால் அங்கேயே உதவியாளர். இது மூன்றாவது முறை.

நான்காவது கிடையாது.

"கழுவுறதை நீ பாரு கண்ணு. பகலெல்லாம் எனக்கு அதே பொழப்பு. இங்கயாவது நான் ஊத்துறேன்."

ஊற்றினார். டாலன்ஸ் கரைசலில் புட்டித் திரவம் ஐந்து சொட்டு. கை நடுங்கவே இல்லை. குழாயைச் சுடுநீரில் நிறுத்தினோம்.

ஆல்டிஹைடு என்றால் உட்சுவரில் வெள்ளி படிந்து மின்னும். கீட்டோன் என்றால் ஒன்றும் நடக்காது.

கறுப்பாக ஏதோ அடியில் தங்கியது.

அக்கா குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கீட்டோன்," என்றேன்.

"கறுப்பா வருதே கண்ணு?"

"மின்னலையே அக்கா. எழுதுங்க."

எழுதினார். நானும் எழுதினேன். தேர்வு நடத்தும் வரதன் சார் அக்காவின் தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழே காலுக்கு அக்காவுக்குப் பேருந்து. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பாஸானா உனக்கு மைசூர்பாகுடி. கெமிக்கல் வாசம் அடிக்காத கையால."

நான் கிளம்பவில்லை. என் தாளில் படம் வரைய வேண்டியிருந்தது.

வரையவில்லை. கறுப்பு உறுத்தியது.

புட்டியில் மிச்சம் இருந்தது. வேறு குழாய் எடுத்தேன். அமிலத்தில் ஒரு முறை. வாலை வடிநீரில் மூன்று முறை. ஐந்து சொட்டு. சுடுநீர்.

நான்கு நிமிடம்.

மின்னியது.

பிசுக்கு உள்ள கண்ணாடியில் வெள்ளி ஒட்டாது. கறுப்பாகத் தங்கும். பாடத்தில் இருக்கிறது. நானே அடிக்கோடிட்டிருக்கிறேன்.

என் தாளில் 'கீட்டோன்' என்பதை அடித்தேன். 'ஆல்டிஹைடு' என்று எழுதினேன். குழாயையும் தாளையும் சாரிடம் நீட்டினேன்.

விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே. அந்தம்மாவுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருக்கலாம்ல?" சிரித்தார்.

புன்னகைத்தேன்.

இல்லை. மேலே எழுதியது தவறு. சிரித்தேன். சத்தமாக.

கையெழுத்துப் போட்டார். என் தாளை மற்ற தாள்களின் மேல் வைத்துக் கட்டினார். நாளை மாலை ஏழு மணிக்குக் கட்டு தேர்வு அலுவலகம் போய்விடும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். குழாயைக் கழுவியது நான், கீட்டோன் என்று சொன்னதும் நான். இரண்டே வாக்கியம். சொன்னால், தனியாக இரண்டாம் முறை செய்து திருத்திய என் தாளும் செல்லாது. மறுபடி எழுத விடுவார்களா என்பது தெரியாது.

வழியில் இரண்டு முறை சைக்கிளை நிறுத்தினேன்.

இரண்டு முறையும் வீட்டுப் பக்கமே திருப்பினேன்.

நாளைய வேலை:

கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்க வேண்டும்.

மாலை ஐந்தே காலுக்கு, அக்கா வந்து இறங்கும் பேருந்து நிறுத்தம். முதலில் அக்காவிடம்.

அதன் பிறகும் அவர் என்னோடு நடந்தால், இருவருமாகச் சாரிடம்.

நடக்காவிட்டால், நான் மட்டும்.